ஐந்நூறு ரூபாய் ஓ.பி.டி. கருவி: சொந்தக் கார் வைத்திருப்போருக்கு எவ்வளவு பயன்?

காரின் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள இணைப்பில் செருகி, புளூடூத் வழியாகக் கைபேசியோடு சேர்த்துவிட்டால், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி தன்னிடம் பதிந்து வைத்திருப்பதைப் படித்துக் காட்டும் சிறு கருவி ஒன்று, இணையக் கடைகளிலும் சென்னை ஜி.பி. ரோடு போன்ற உதிரிபாகச் சந்தைகளிலும் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்று முன்பின்னாகக் கிடைக்கிறது. ‘ஓ.பி.டி. ஸ்கேனர்’ (வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் முறைக்கு ஆங்கிலத்தில் ஓ.பி.டி. என்று பெயர்) என்றும், உள்ளே இருக்கும் சில்லின் பெயரால் ‘இ.எல்.எம். 327’ என்றும் இதை விற்கிறார்கள். விளம்பரங்களைப் படித்தால் இனி மெக்கானிக்கே தேவையில்லை என்று தோன்றும். ஒரு பெட்ரோல் காரில் இதைத் தொடர்ந்து பயன்படுத்தியும், நண்பர்களின் கார்களில் அவ்வப்போது செருகிப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. கொடுத்த பணத்துக்கு மேலேயே இது உழைக்கிறது. ஆனால் பலரும் எதற்காக வாங்குகிறார்களோ, அந்தப் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் வேலையில்தான் இதன் பயன் மிகக் குறைவு.

கருவியைப் பற்றிப் பேசுமுன் அது செருகப்படும் இணைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதை வண்டியே கண்காணிக்க வேண்டும், அதை எந்தக் கருவியாலும் படிக்க முடிய வேண்டும் என்ற நோக்கத்தில், அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து இந்தப் பொதுத் தரம் கட்டாயமானது. ஐரோப்பாவில் 2001இல் பெட்ரோல் கார்களுக்கு வந்தது. இந்தியாவில் பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் 4) புகை விதிகளோடு 2010இல் முதற்கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் அறிமுகமானது. பி.எஸ். 4 நாடு முழுவதற்கும் 2017 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று என்பதால், அதற்குப் பின் வந்த கார் என்றால் இந்தக் கருவி வேலை செய்யும் என்று துணிந்து சொல்லலாம். 2013க்கு முந்தைய கார் என்றால் வாங்குமுன் யாரிடமாவது இரவல் வாங்கிச் செருகிப் பார்ப்பது நல்லது. பழைய வண்டிகள் சிலவற்றில் பதினாறு முனை இணைப்பு இருக்கும், ஆனால் உள்ளே பேசும் முறை வேறாக இருக்கும். மலிவுக் கருவிகள் அங்கேதான் முதலில் தடுமாறுகின்றன. இணைப்பு பெரும்பாலும் ஓட்டுநரின் முழங்காலுக்கு அருகே, பானட்டைத் திறக்கும் கைப்பிடிக்கோ ஃப்யூஸ் பெட்டிக்கோ பக்கத்தில் இருக்கும்.

கடையில் கிடைப்பவற்றுள் ஏறத்தாழ எல்லாமே நகல்கள். மூலச் சில்லை உருவாக்கியது கனடாவைச் சேர்ந்த எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு நிறுவனம்; அதன் தொடக்ககாலப் பதிப்பின் நிரல் நகலெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது, நிறுவனமே 2022இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணுக்குப் பொருளே இல்லை. ‘1.5’ என்று பொறித்தது பழையது, ‘2.1’ என்று பொறித்தது புதியது என்று கடைக்காரர் சொல்வார், ‘2.1’ என்ற பெயரில் வரும் நகல்கள் பலவற்றில் பாதிக் கட்டளைகள் இருப்பதில்லை என்பதுதான் பயன்படுத்துவோர் பலரும் கண்ட அனுபவம். கருவி எந்தெந்தக் கட்டளைகளுக்குப் பதில் தருகிறது என்று சோதித்துக் காட்டும் இலவசச் செயலிகள் உள்ளன. திருப்பிக் கொடுப்பதற்கான நாள் முடியுமுன் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வேலை செய்யும் சாதாரண புளூடூத் கருவி ஐபோனோடு பேசாது. அதற்குக் குறைந்த ஆற்றல் புளூடூத் வகையோ வைஃபை வகையோ தேவை. வைஃபை வகையை இணைத்ததும் கைபேசி அதையே இணையம் என்று எண்ணிக்கொள்வது ஓயாத தொல்லை என்பதால், கூடுதல் விலை கொடுத்தாவது முன்னதை வாங்கச் சொல்வேன். பெட்டியோடு வரும் குறுந்தகட்டையும், அதில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டம் காட்டும் செயலியையும் தொடவே வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு ‘டார்க்’, இரு வகைக் கைபேசிகளுக்கும் ‘கார் ஸ்கேனர்’ ஆகிய செயலிகளே அன்றாடத் தேவைக்குப் போதும்.

இதே வடிவத்தில், இதே இணைப்பில் செருகும்படி, மைலேஜை உயர்த்தித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது மின்னும் விளக்குகளையும் அவற்றை மின்ன வைக்கும் சில்லறைச் சுற்றையும் மட்டுமே. தேடும்போது இரண்டும் அடுத்தடுத்துத் தோன்றுவதால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனிக் குறியீடுகள். டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்ததும் கருவியைச் செருகினால், செயலி ‘பி 0171’ என்பது போன்ற ஓர் எண்ணைக் காட்டும். அதற்கு விளக்கமாக முதல் வரிசை சிலிண்டர்களில் கலவை மெலிந்திருக்கிறது என்ற வரி வரும். அதாவது காற்றோடு ஒப்பிடும்போது பெட்ரோல் குறைவு. இதைக் கண்டுபிடித்துச் சொல்வது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார். சொன்ன சாட்சியையே குற்றவாளியாக்கி, அந்த சென்சாரையே மாற்றிவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. உண்மையில் காற்று அளக்கப்படாமல் எங்கோ நுழைவது, பெட்ரோல் பம்பின் அழுத்தம் குறைவது, ஃபில்டர் அடைத்துக்கொள்வது, காற்றளவு சென்சாரில் தூசு படிவது, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் விழுவது ஆகிய எதுவும் அதே எண்ணைத் தரும். எந்த அமைப்பில் அளவு தவறியது என்பதோடு குறியீடு நின்றுவிடுகிறது. எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

அந்த எண்ணுக்குக் கீழே, பலரும் திறந்தே பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது. பழுது பதிவான அதே கணத்தில் இன்ஜின் எத்தனை சுற்றில் ஓடியது, வேகம் என்ன, கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பம் என்ன, பெட்ரோல் திருத்தம் (கலவையைச் சரிசெய்யக் கணினி கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோலின் விழுக்காடு) எவ்வளவு என்ற அளவுகளைக் கணினி உறையவைத்துச் சேமித்திருக்கும். என் நண்பர் ஒருவரின் காருக்கு இதே 0171 வந்தபோது, ஒரு ஒர்க்‌ஷாப் ஆக்சிஜன் சென்சாருக்கு மதிப்பீடு எழுதிக் கொடுத்திருந்தது. சேமித்த பக்கத்தைப் பார்த்தால், வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, இன்ஜின் சூடான நிலையில் குறியீடு விழுந்திருந்தது. நேரடி அளவுகளிலும் அதே கதை: ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் இன்ஜின் ஓடும் நிலையில், கணினி இருபது விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாகப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருந்தது, ஆக்சிலரேட்டரை அழுத்திச் சுற்றை 2500க்குக் கொண்டுபோனதும் அந்தத் திருத்தம் ஏறக்குறைய இயல்புக்கு இறங்கியது. சிறு ஓட்டை வழியாக நுழையும் காற்று, ஐடிலில் மொத்தக் காற்றில் பெரும்பங்காகவும், சுற்று ஏறியதும் அற்பப் பங்காகவும் ஆகிவிடும் என்பதால், இது காற்றுக் கசிவின் அடையாளம். பம்போ ஃபில்டரோ காரணம் என்றால் நேர்மாறாக, அழுத்தி ஓட்டும்போதுதான் திருத்தம் ஏறும். காற்றைத் திறந்து மூடும் த்ராட்டிலுக்குப் பின்னால், உள்ளிழுப்புக் குழாயோடு சேரும் ரப்பர் குழாயின் மடிப்பில் இருந்த வெடிப்பை மெக்கானிக் அரை மணியில் கண்டுபிடித்தார். ஒன்றை மறக்கக் கூடாது: காற்றின் அளவை நேராக அளக்காமல், உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் சிறு கார்கள் பல உள்ளன, அவற்றில் இத்தகைய கசிவு, கலவை மெலிவதைக் காட்டிலும் ஐடில் சுற்று உயர்வதாகவே வெளிப்படும்.

பணம் அதிகமாகப் போகும் குறியீடு பி 0420. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டது என்பது இதன் பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் பூசப்பட்ட பாகம் என்பதால் விலை கையைச் சுடும். மாற்றுமுன் கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் கெட்டது என்பதே. ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதாகி எரியாத பெட்ரோல் அதற்குள் போய்க்கொண்டிருந்தால், அல்லது இன்ஜின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தால், புதிதாக மாட்டுவதும் அதே வழியில் போகும். மஞ்சள் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், பெரும்பாலும் அப்படிப்பட்ட பற்றவைப்புத் தவறல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது கருவியைத் தேட வேண்டாம், வண்டியை ஓரங்கட்டுங்கள்.

இந்தக் கருவியின் உண்மையான மதிப்பு எரியும் விளக்கோடு தொடர்பில்லாத நாட்களில்தான் தெரிகிறது. இன்றைய சிறு கார்கள் பலவற்றில் வெப்பமானியையே எடுத்துவிட்டார்கள். குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு, இடையே ஒன்றும் இல்லை. சிவப்பு எரியும்போது காலம் கடந்திருக்கும். செயலியில் கூலன்ட் வெப்பத்தை எண்ணாகப் பார்க்கலாம். சூடான இன்ஜினில் அது 85 முதல் 100 டிகிரி வரை ஏறி இறங்குவது இயல்பு. 98 என்று கண்டு பதற வேண்டியதில்லை, ஏனெனில் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. சித்திரை வெயிலில், சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது எண் மெல்ல ஏறி, ரேடியேட்டர் விசிறி ஓடியதும் இறங்க வேண்டும். இறங்காமல் 105ஐத் தாண்டிப் போனால் விசிறி, அதன் ரிலே, கூலன்ட் அளவு ஆகியவற்றில் ஒன்றைப் பார்க்கச் சொல்லலாம். 110ஐத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது இயல்பாக இருந்து, நின்றால் மட்டும் ஏறினால் விசிறியின் மீது ஐயம். ஓடும்போதே ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் மீது ஐயம். இந்த ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு போய்ச் சொன்னாலே மெக்கானிக்கின் வேலை பாதி குறையும். கூலன்ட் முழுவதும் வடிந்துவிட்டால் சென்சார் திரவத்தில் நனையாமல் தவறான எண்ணைக் காட்டக்கூடும் என்பதால், டாங்கின் அளவைக் கண்ணால் பார்க்கும் பழக்கத்தை இந்த எண் ஈடுசெய்யாது.

அடுத்தது மின்னழுத்தம். இரவு முழுதும் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நல்ல நிலையில் உள்ளது, 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் பாதிக்கு அருகே இறங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருளைச் சேமிக்க ஆல்டர்னேட்டரைக் கணினியே தணித்து வைப்பதால், ஓடும்போதும் எண் சற்றுத் தாழ்ந்து பின் உயர்வது பழுது அல்ல. ஸ்டார்ட் செய்யும் நொடியில் அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்பதுதான் பேட்டரியின் உண்மையான தேர்வு. அதை இந்தக் கருவியால் நம்பத்தக்கபடி பிடிக்க முடியாது, நொடிக்குச் சில அளவுகளை மட்டுமே படிக்கும் வேகம்தான் இதற்கு உண்டு. பேட்டரிக் கடையில் சோதனைக் கருவி வைத்துப் பார்ப்பதே அதற்கு வழி.

பெட்ரோல் திருத்த எண்ணைப் பற்றி இப்போது கூடுதலாகச் சொல்ல வேண்டிய தேவை வந்திருக்கிறது. பெட்ரோல் பங்குகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவிய பிறகு, பழைய கார் வைத்திருப்போர் பலர் நீண்டகாலத் திருத்தம் (கணத்துக்குக் கணம் மாறும் குறுகியகாலத் திருத்தத்திலிருந்து கணினி கற்று வைத்துக்கொள்வது) ஏறியிருப்பதைக் கண்டு கவலைப்படுகிறார்கள். தூய பெட்ரோல் ஒரு பங்கு முழுதாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், 10 விழுக்காடு கலந்ததற்கு ஏறத்தாழ 14.1, 20 விழுக்காடு கலந்ததற்கு ஏறத்தாழ 13.5 போதும். அதே காற்றுக்குக் கூடுதலாக எரிபொருளை ஊற்ற வேண்டியிருப்பதால், முன்பு 10 விழுக்காட்டுக் கலவையில் ஓடிய வண்டியில் திருத்தம் நான்கைந்து புள்ளிகள் ஏறுவது வேதியியல் கணக்கு, பழுது அல்ல. கூட்டல் பத்துக்குள் நின்றால் விட்டுவிடலாம். அதற்கு மேலும் மாதாமாதம் ஏறிக்கொண்டே போனால், விளக்கு எரியக் காத்திராமல் காண்பிக்க வேண்டும். கணினி பெரும்பாலான பழுதுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதிசெய்த பிறகே விளக்கை ஏற்றும். முதல் ஓட்டத்தில் கண்டதை நிலுவைக் குறியீடாக வைத்திருக்கும். அந்தப் பட்டியலை எப்போதாவது எட்டிப் பார்ப்பதும் வீண்போகாது.

செயலியில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும் பொத்தான், குறியீடுகளை அழிப்பது. அதுதான் இந்தக் கருவியின் மோசமான பகுதி. அழுத்தியதும் விளக்கு அணைகிறது, மனம் நிம்மதியடைகிறது. ஆனால் உறையவைத்த அளவுகள் அழிகின்றன, கணினி கற்றுவைத்திருந்த பெட்ரோல் திருத்தங்கள் பூஜ்யத்துக்குப் போகின்றன, கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றின் மீது கணினி தானே நடத்தும் சோதனைகள் எல்லாம் முடியாதவை என்ற நிலைக்குத் திரும்புகின்றன. பழுது அப்படியே இருக்க, அதற்கான தடயம் மட்டும் போய்விடுகிறது. அதன்பின் மெக்கானிக்கிடம் போனால் அவரும் வெறுங்கையோடு தொடங்க வேண்டும். பழுது சரிசெய்யப்பட்ட பிறகு, அது திரும்ப வருகிறதா என்று பார்க்க மட்டுமே அந்தப் பொத்தான். அதற்கு முன் எல்லாத் திரைகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு இதே பொத்தான் நேர்மாறாக உதவுகிறது. விற்பவரோ தரகரோ விளக்கை அணைத்துவிட்டு வண்டியைக் காட்டினால் டேஷ்போர்டில் ஒன்றும் தெரியாது. புகைச் சான்றிதழும் கைகொடுக்காது, ஏனெனில் பெட்ரோல் வண்டிக்கான அந்தச் சோதனை வண்டி நின்ற நிலையில் வெளிவரும் புகையைத்தான் அளக்கிறது. ஆனால் குறியீடுகள் அழிக்கப்பட்ட பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை முறை சூடானது என்ற இரண்டு கணக்குகளைப் பெரும்பாலான கணினிகள் தனியே வைத்திருக்கின்றன. அந்தத் தூரம் பன்னிரண்டு கிலோமீட்டர் என்றும், சோதனைகள் பாதி முடியவில்லை என்றும் கண்டால், யாரோ அண்மையில் துடைத்திருக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றி மாற்றினாலும் இப்படி ஆகலாம் என்பதால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். பேட்டரியில் உள்ள தேதியைப் பாருங்கள், சில நாள் ஓட்டிய பிறகு மீண்டும் பார்க்க வருகிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு விற்பவர் என்ன பதில் சொல்கிறார் என்பதே பல நேரங்களில் போதுமான விடை. ஓடோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதை மட்டும் இதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்ப வேண்டாம்; பெரும்பாலான கார்களில் அந்த எண் இந்தப் பொது வழியில் கிடைப்பதில்லை.

குறைகள் உண்டு. பொதுத் தரம் கட்டாயப்படுத்துவது புகை தொடர்பான இன்ஜின் தகவல்களை மட்டுமே என்பதால், ஏ.பி.எஸ்., ஏர்பேக், பவர் ஸ்டீயரிங் ஆகியவற்றின் விளக்குகள் எரிந்தால் இந்தக் கருவி பெரும்பாலும் வாய் திறக்காது. பி.எஸ். 6 டீசல் கார் வைத்திருப்போர் மிகவும் அறிய விரும்புவது புகைவடிகட்டியில் சேர்ந்த கரியின் அளவு. அதையும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில்தான் வைத்திருக்கிறது. ‘கார் ஸ்கேனர்’ செயலியில் நிறுவனவாரியான அமைப்புகள் இருப்பதால் சில மாடல்களில் கிடைக்கும், சிலவற்றில் கிடைக்காது. கிடைத்தால் நல்ல பயன்: கரி ஏறுவதைக் கண்டதும், ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிராமல் நெடுஞ்சாலையில் கால் மணி, இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டி, அது தானே எரிந்து தீர வழிசெய்யலாம். அதே செயலிகளில் அமைப்புகளை மாற்றி எழுதும் பக்கங்களும் உண்டு. மலிவு நகலை வைத்துக்கொண்டு அவற்றுக்குள் போவது தேவையற்ற துணிச்சல்.

கருவியை எப்போதும் செருகியே வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்த இணைப்பின் பதினாறாம் முனைக்குச் சாவியை எடுத்த பிறகும் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வந்துகொண்டிருக்கும். நாற்பது மில்லி ஆம்பியர் இழுக்கும் நகல், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஓர் ஆம்பியர் மணி எடுத்துவிடும். சிறு கார்களில் உள்ள 35 ஆம்பியர் மணிப் பேட்டரி, ஊருக்குப் போய் இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாத அளவுக்கு இறங்கியிருக்கலாம். போதாக்குறைக்கு, இவற்றின் கடவுச்சொல் 1234 அல்லது 0000. பக்கத்தில் நிற்கும் எவரும் இணைத்துக்கொள்ளலாம். சில கார்களில் ஓட்டத்தின்போது இந்த நகல்கள் வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசும் உள்வலையில் குழப்பம் செய்து, தொடர்பில்லாத எச்சரிக்கை விளக்குகளையும் எரிய வைக்கின்றன. பார்க்க வேண்டியதைப் பார்த்ததும் கழற்றிக் கையுறைப் பெட்டியில் போடுவதே முறை. வாரண்டியில் உள்ள வண்டி என்றால் சர்வீஸுக்கு விடும்போது வீட்டிலேயே வைத்துவிடலாம்.

வாரண்டி முடிந்த பெட்ரோல் கார் வைத்திருந்து, வெளி மெக்கானிக்கிடம் வேலை பார்ப்பவருக்கும், பழைய கார் தேடி அலைபவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புதிய கார் வாங்கி, கம்பெனி சர்வீஸிலேயே விடுபவருக்கு அடுத்த சில ஆண்டுகளுக்கு இதனால் பெரிய வேலை இல்லை. வாங்குவதாக முடிவு செய்தால், கூலன்ட் வெப்பம், மின்னழுத்தம், குறுகியகால, நீண்டகாலப் பெட்ரோல் திருத்தங்கள், ஐடில் சுற்று ஆகிய ஐந்து அளவுகளையும் வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க, வேறு எந்தக் காரின் எண்ணும் உங்களுக்கு உதவாது.